ஒன்பதாவது வளைவில் நிறுத்தவும்

மகளின் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்காக அவள் எழுதிய குறிப்புகள் பதினொரு பக்கம் வந்தன. மகள் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அம்மா, இது கல்யாணத்துக்கு வர்றவங்களுக்கா, இல்ல இங்கயே குடியேறப் போறவங்களுக்கா?"

"ரெண்டு நாள் இருந்தாலும் குளிர் குளிர்தானே."

"ஒரு பக்கம்தான்மா படிப்பாங்க."

"வாந்தி எடுக்கறப்போ ரெண்டாவது பக்கத்தைத் தேடுவாங்க, பாரு."

மகள் வேலை பார்ப்பது பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அச்சுக்கடையில். கல்யாணப் பத்திரிகை அடிப்பதும் அவள் கையில்தான் இருந்தது என்பதால், மற்றவர்கள் கல்யாணத்துக்கு வெட்டுவதுபோலவே தாயின் எழுத்தையும் ஈவிரக்கமில்லாமல் வெட்டினாள். இரண்டு பேரும் கடையின் மர ஸ்டூலில் உட்கார்ந்து வரிக்கு வரி பேரம் பேசினார்கள். குரங்குகளைப் பற்றிய அரைப் பக்கம் இரண்டு வரியானது. போர்வைகளைப் பற்றிய ஒரு முழுப் பக்கம் போயே போய்விட்டது. கடைசியில் இரண்டு பக்கம் நின்றது.

தாய் விட்டுக்கொடுத்தாளே தவிர, தான் எழுதியதில் ஒரு வரிகூட வீண் என்று அவள் நினைக்கவில்லை. பதினெட்டு அறைகள் உள்ள ஒரு லாட்ஜில் இருபத்திரண்டு வருஷமாக வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள் அவள். மலைக்கு வருகிறவர்கள் எதில் ஏமாறுவார்கள், எதற்குக் கோபப்படுவார்கள், எதைக் கேட்க வெட்கப்படுவார்கள் என்பதெல்லாம் அத்துப்படி.

அச்சான தாளில் இப்படி இருந்தது:

வெந்நீர் காலை ஆறு முதல் எட்டு வரை. எட்டேகாலுக்குக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வரவேற்பறைக்குப் போன் செய்ய வேண்டாம். போனை எடுக்கிறவளுக்கும் அதே தண்ணீர்தான்.

காற்று குளிர்ந்திருக்கும், வெயில் சுடும். சுட்டது சாயங்காலம்தான் தெரியும். தொப்பி கொண்டுவரவும்.

மண்டபத்துக்கு நாற்பத்திரண்டு படி. பனி படிந்து வழுக்கும். பட்டு உடுத்துகிறவர்கள் தாராளமாக உடுத்தலாம், காலில் மட்டும் பழைய ஷூ போட்டுக்கொள்ளவும். உங்கள் காலை யாரும் பார்க்க மாட்டார்கள். பார்க்கிறவர்களும் அதையேதான் போட்டிருப்பார்கள்.

சிப்ஸ் பாக்கெட் மேலே வர வர பலூன்போல உப்பும். வெடிக்காது. உங்கள் காது அடைத்துக்கொண்டால் எச்சிலை விழுங்கவும்.

இவை அவளுடையவை. பாதையைப் பற்றிய பத்தி மட்டும் அவள் கணவருடையது. அவர் முப்பத்தோரு வருஷம் அந்த மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தபோது போய்ச் சேர்ந்தார். இரண்டு வருஷம் ஆகிறது. அவர் இருந்திருந்தால் இந்தப் பத்தியை எழுத வேண்டியிருந்திருக்காது. ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் போய் நின்று அவரே சொல்லியிருப்பார், வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டார். அவள் தன் ஞாபகத்திலிருந்து, அவர் சொல்லும் வரிசையிலேயே எழுதினாள்:

வெறும் வயிற்றோடு ஏற வேண்டாம், நிறைந்த வயிற்றோடும் வேண்டாம். இரண்டு ரொட்டித் துண்டு போதும். பயப்படுகிறவர்களுக்கு முன்சீட்டைக் கொடுக்கவும். போனைப் பார்க்கக் கூடாது, தூரத்தைப் பார்க்க வேண்டும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி நின்று வழிவிடும், அதனால் நீங்கள் பதற வேண்டியதில்லை. நாலு மணிக்கு மேல் மூடுபனி இறங்கும், அதற்குள் வந்துவிடவும். ஒன்பதாவது வளைவில் நிறுத்தவும். இடம் அகலம். டீக்கடை, குழாய், சுத்தமான கழிவறை மூன்றும் உண்டு. இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் புறப்பட்டால் அப்புறம் எட்டே எட்டு வளைவு. ஊர் வந்துவிடும்.

மாப்பிள்ளை வீட்டார் சமவெளிக்காரர்கள். மாப்பிள்ளையைப் பெற்றவள் சம்பந்தியம்மா என்றாலும், தூக்கி வளர்த்தது சம்பந்தியம்மாவின் மூத்த அக்காதான். மாப்பிள்ளைக்குப் பெரியம்மா. கல்யாணமே செய்துகொள்ளாமல் தங்கை வீட்டோடு இருந்துவிட்டவர். அந்தப் பெரியம்மாவுக்கு மலை ஏறுவது என்றாலே ஆகாது. சம்பந்தியம்மா தொடக்கத்திலேயே சொல்லிவிட்டாள்: "அக்கா ஏற முடியலன்னா நானும் ஏற மாட்டேன், இவனும் ஏற மாட்டான். எதுக்கும் அடிவாரத்துல ஒரு மண்டபத்தைச் சொல்லி வெச்சிருக்கோம். கோவிச்சுக்காதீங்க."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் மகள் அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அடிவாரத்தில் கல்யாணம் என்றால் இந்த ஊரிலிருந்து பாதிப் பேர் வர முடியாது. லாட்ஜை மூட முடியாது, பஸ் டிப்போவை மூட முடியாது, பக்கத்து வீட்டுப் பாட்டியை இறக்கவே முடியாது. அப்பா இல்லாத கல்யாணத்தில் அப்பாவின் ஆட்களும் இல்லாமல் போவதா என்பது மகளின் துக்கம்.

தாள் போய்ச் சேர்ந்த நாலாம் நாள் பெரியம்மாவே போன் செய்தார்.

"சம்பந்தி, நீங்க எழுதினதை ஏழு தடவை படிச்சேன். இதுவரைக்கும் எல்லாரும் ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னே சொல்லிக்கிட்டிருந்தாங்க. நீங்க ஒருத்தர்தான் என்ன ஆகும்னு எழுதியிருக்கீங்க."

"உள்ளதைத்தானே எழுதணும் அக்கா."

"உங்க பேப்பரை நம்பித்தான் வரேன். வேற யாரையும் நம்பி இல்ல."

போனை வைத்துவிட்டு அவள் மகளிடம், "அடிவாரத்து மண்டபத்தை மறந்துடு" என்றாள். பதினொரு பக்கமும் அச்சடித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று சேர்த்துக்கொள்ளவும் தவறவில்லை.

மூன்று வண்டிகள் வருவதாக ஏற்பாடு. முதல் வேன் கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில், இரண்டாவது அன்று மதியம். மூன்றாவதில் மீதி உறவுகள் மறுநாள் விடிந்ததும் வருவார்கள். பெரியம்மா இரண்டாவது வேனில் வந்தார். கூட சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, நாலைந்து சொந்தக்காரர்கள். சரியாக இரண்டு மணிக்கு மாப்பிள்ளை அடிவாரத்திலிருந்து கூப்பிட்டான்.

"அத்தை, ஏற ஆரம்பிக்கறோம். பெரியம்மா முன்சீட்டுல. ரெண்டு ரொட்டித் துண்டு எண்ணிச் சாப்பிட்டாங்க. மூணாவது கொடுத்தேன், பேப்பர்ல இல்லன்னுட்டாங்க."

"அவங்க சொல்றதைக் கேளுங்க தம்பி. இனிமே ஒன்பதாவது வளைவுல பார்த்துக்கலாம்."

முதல் வேனில் வந்தவர்கள் அப்போதுதான் சாப்பிட்டு முடித்து வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் மாப்பிள்ளையின் தாய்மாமன், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பல் குத்திக்கொண்டே மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"சம்பந்தி, எல்லாம் பிரமாதம். வெந்நீர், ஷூ, சிப்ஸ் பாக்கெட், எல்லாம் நீங்க எழுதினபடியே. ஒண்ணுதான் இடிக்குது. ஒன்பதாவது வளைவுல டீக்கடை எங்கேங்க?"

"இருக்குமே. நீலத் தகரம் போட்ட கடை."

"நீலத் தகரம் பார்த்தேன். டீயும் குடிச்சேன். அது பத்தொன்பதாவது வளைவு. ஒன்பதுல ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவுல நாங்க. டிரைவர் நிறுத்தவே மாட்டேன்னுட்டார்."

"எண்ணினதுல தப்பியிருக்கும்."

வாத்தியார் பல் குத்துவதை நிறுத்தினார். "முப்பத்தாறு வருஷம் கணக்கு எடுத்திருக்கேன். அதுவும் இல்லாம நான் எங்க எண்ணினேன்? போர்டு வெச்சிருக்கானே, ஒவ்வொரு வளைவுலயும், மஞ்சள்ல."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மஞ்சள் போர்டு. பாதையை அகலப்படுத்தியபோது வைத்தார்கள், ஆறேழு வருஷம் இருக்கும். அந்த வாரம் முழுக்க அவள் கணவர் வீட்டில் அதைப் பற்றியே புலம்பிக்கொண்டிருந்தார். பெயிண்ட் அடிக்கிறவன் கீழேயிருந்து வந்தான், அதனால் கீழேயிருந்து எண்ணிவிட்டான், மேலே ஒரு ஊர் இருப்பது அவனுக்குத் தெரியாதாக்கும் என்று. அவருடைய வண்டி தினமும் காலை ஐந்தரைக்கு மேலேயிருந்துதான் புறப்படும். முதலில் வருவது ஒன்று. அடிவாரத்துக்குப் போய்ச் சேரும்போது இருபத்தேழு. போர்டு வந்த பிறகும் அவர் அப்படியேதான் எண்ணினார், பக்கத்தில் உட்கார்ந்து வந்த அவளும் அப்படியேதான் கேட்டாள். அவர் போன பிறகு அவள் இரண்டே முறைதான் கீழே இறங்கியிருந்தாள். இரண்டு முறையும் பின்சீட்டில், கண்ணை மூடிக்கொண்டு.

"மேலேர்ந்து ஒன்பது" என்றாள்.

"கீழேர்ந்து பத்தொன்பது" என்றார் வாத்தியார். "இருபத்தெட்டுல ஒன்பதைக் கழிச்சா பத்தொன்பது. கணக்கு சரியாத்தான் வருது." அவருக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. பிறகு முகம் மாறியது. "ஐயையோ. எங்க அக்கா பேப்பர்ல உள்ளபடிதான் நடப்பா. ஒன்பதுல நிறுத்தச் சொல்லி டிரைவர் கையைப் பிடிச்சுடுவாளே."

மாப்பிள்ளைக்குப் போன் செய்து பார்த்தாள். பாதையில் அடிவாரத்துக்கு மேலே டீக்கடை வரை சிக்னல் கிடையாது, அவளே தாளில் எழுதியிருக்கிறாள். மகள் அழகு நிலையத்தில் இருந்தாள், அவளைக் கூப்பிட்டுக் கலவரப்படுத்துவதில் பிரயோஜனம் இல்லை. மணி இரண்டு பத்து. இரண்டேகாலுக்கு டவுன் பஸ் கிளம்பும். அவள் மேசையை வாத்தியாரிடம் ஒப்படைத்தாள்.

"யாராவது சாவி கேட்டா கொடுங்க. வெந்நீர் கேட்டா கொடுக்காதீங்க."

பஸ் நகரத் தொடங்கியபோது ஏறினாள். கண்டக்டர் அவள் கணவரோடு பதினாறு வருஷம் ஒரே பஸ்ஸில் வேலை பார்த்தவர்.

"என்ன அண்ணி, நாளைக்குக் கல்யாணத்தை வெச்சுக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க?"

"பத்தொன்பதாவது வளைவுக்கு. அவர் கணக்குப் பத்தொன்பது, போர்டுல ஒன்பது."

கண்டக்டருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. முன்சீட்டில் இருந்த ஆளை எழுப்பிப் பின்னால் அனுப்பினார். அவள் உட்கார்ந்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு முன் கண்ணாடி வழியாக அந்தப் பாதையைப் பார்த்தாள். ஓட்டுகிறவன் புது டிரைவர், கியரை மாற்றும்போது அவள் கணவர் மாதிரி தோளைச் சாய்க்கவில்லை. அதைத் தவிர எல்லாம் அப்படியே இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் வாய்க்குள் எண்ணிக்கொண்டு வந்தாள். ஒன்பதில் நீலத் தகரம் வந்தது. கடைக்காரர் பஸ்ஸைப் பார்த்துக் கை ஆட்டினார். தன் ஞாபகம் தப்பவில்லை, எழுதியதுதான் யாருக்கும் புரியாத எண்ணில் ஆகிவிட்டது என்று நினைத்தபோது தைரியம் வந்தது. செய்தது தப்புத்தான். ஆனால் என்ன தப்பு என்று தெளிவாகத் தெரிந்த தப்பு. லாட்ஜில் அவள் தினம் சமாளிப்பதும் அப்படிப்பட்டவற்றைத்தான்.

பத்தொன்பது வந்தது. பாறை ஓரமாக வேன் ஒட்டி நின்றிருந்தது. மாப்பிள்ளை சாலையில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தான். வேன் டிரைவர் முன்சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தார். பெரியம்மா பாறையில் ஒரு துண்டை விரித்து, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் கைப்பை, கையில் தாள். அவருக்கு எதிரே மூன்றடி சாலை, அதற்கப்பால் ஒன்றுமில்லை.

"இது வண்டி நிறுத்தற இடம் இல்ல அண்ணி" என்றார் கண்டக்டர். "அஞ்சு நிமிஷம். அதுக்கு மேல தாங்காது."

அவள் இறங்கினாள். சம்பந்தியம்மா வேன் கதவருகில் நின்றபடி, "வாங்க, நீங்களே சொல்லிப் பாருங்க" என்றாள். குரல் அழுத குரலாக இருந்தது. "ஏறவும் மாட்டேங்கறா, இறங்கவும் மாட்டேங்கறா. முப்பது நிமிஷமா இங்கயே இருக்கோம்."

பெரியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"டீக்கடை எங்க?"

"அது மேல இருக்கு அக்கா. நான் தப்பா எழுதிட்டேன்."

"குழாய்?"

"அதுவும் அங்கதான்."

"கழிவறை?"

"மூணும் ஒரே இடத்துல."

"மூணும் இல்லாத இடத்துல என்னை உக்கார வெச்சுட்டீங்க."

"ஆமா" என்றாள் அவள். "என் வீட்டுக்காரர் மேலேர்ந்துதான் எண்ணுவார். வண்டி காலைல மேலேர்ந்துதான் கிளம்பும். அவர் சொன்ன ஒன்பதை நான் அப்படியே எழுதிட்டேன். போர்டு கீழேர்ந்து எண்ணியிருக்கு. அது எனக்குத் தோணவே இல்ல. அவர் மேல தப்பு இல்ல, போர்டு மேலயும் தப்பு இல்ல. நான் செஞ்சதுதான்."

பெரியம்மா தாளைப் பிரித்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கி, விரலால் ஒரு வரியைத் தொட்டார். "ஒன்பதாவது வளைவு. அப்புறம் எட்டே எட்டு. ஒன்பதும் எட்டும் பதினேழு. பதினேழுன்னு நினைச்சுத்தான் நான் வண்டில ஏறினேன். பதினேழு என்னால முடியும்னு வீட்டுல உக்கார்ந்து கணக்குப் போட்டேன். இப்ப மொத்தம் எத்தனை?"

மாப்பிள்ளை அவசரமாக, "அதெல்லாம் எதுக்கு பெரியம்மா, கொஞ்சம்தான்..." என்று தொடங்கினான்.

"இருபத்தேழு" என்றாள் அவள். "ஒன்பது முடிஞ்சுது. இன்னும் பதினெட்டு."

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டான். சம்பந்தியம்மா, "சொல்லாம இருந்திருக்கலாமே" என்று முணுமுணுத்தாள்.

"சொல்லாம இருந்தா பதினெட்டாவதுல அவங்களே எண்ணிக் கண்டுபிடிச்சிருப்பாங்க" என்றாள் அவள். "அங்க உக்கார ஒரு பாறைகூட கிடையாது."

பெரியம்மாவின் வாயோரம் லேசாக அசைந்தது. சிரிப்பா, குமட்டலா என்று சொல்ல முடியவில்லை.

"வேற என்னவெல்லாம் தப்பு இதுல?"

"வேற எதுவும் இல்ல. வெந்நீர், படி, குரங்கு, இதெல்லாம் தினமும் என் கண் முன்னால நடக்கறது. பாதையைப் பத்தி எழுதினது அவர் சொன்னது. அதுல எண் மட்டும்தான் தப்பு."

"சரி, இப்ப நான் என்ன செய்யணும்?"

"ரெண்டு வழி இருக்கு. இந்த பஸ் கீழ போகுது. கண்டக்டர் எங்க ஆள், முன்சீட்டை உங்களுக்குக் கொடுப்பார். ஒன்பது வளைவு இறங்கினா அடிவாரம். நானும் கூட வரேன். கல்யாணத்தை அங்கயே வெச்சுக்கலாம், மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டேன். என் பொண்ணுக்கு நானே சொல்லிக்கறேன். இல்ல, மேல போகணும்னா பதினெட்டு. இங்கேர்ந்து பத்தாவது வளைவு டீக்கடை. அதுக்கப்புறம் எட்டு. நான் பக்கத்துல உக்கார்ந்து ஒவ்வொண்ணையும் முன்னாடியே சொல்லிக்கிட்டு வரேன்."

"எது கஷ்டம்? ஏறறதா, இறங்கறதா?"

"வயித்துக்கு இறங்கறதுதான் கஷ்டம். பிரேக்கைப் போட்டுப் போட்டுத்தான் இறங்குவாங்க, முன்னாடி தள்ளிக்கிட்டே இருக்கும். ஏறும்போது வண்டி நிதானமா போகும்."

"இதை எழுதியிருக்கலாமே."

"எழுதினேன். பொண்ணு வெட்டிட்டா."

பஸ்ஸின் ஹாரன் ஒரு தடவை அடித்தது. பின்னால் ஒரு லாரி வந்து நின்றிருந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "அண்ணி, என்ன முடிவு?" என்று கேட்டார். அவள் பெரியம்மாவையே பார்த்தாள். இனி பேசினால் அது கெஞ்சுவதாகிவிடும். தாளை நம்பி வந்தவரைக் கெஞ்சி ஏற்றுவதில் அவளுக்கு இஷ்டமில்லை. அந்தச் சில நொடிகளில் மகளின் முகம் நினைவுக்கு வந்தது. அதையும் அவள் சொல்லவில்லை.

பெரியம்மா கண்டக்டரைப் பார்த்துக் கேட்டார். "ஏம்பா, இவங்க வீட்டுக்காரர் தலைகீழாத்தான் எண்ணுவாரா?"

"ஆமாங்க. பயணிகளுக்கெல்லாம் அதே கணக்குத்தான். இருபத்தேழுல ஏறி ஒண்ணுல இறங்குவாங்க."

"ஏறும்போது குறைஞ்சுக்கிட்டே வருமா?"

"குறைஞ்சுக்கிட்டே வரும்."

பெரியம்மா துண்டை உதறி மடித்தார். "கூடிக்கிட்டே போறதை எண்ணித்தான் எனக்கு மயக்கமே வந்துச்சு" என்று எழுந்தார். "பஸ்ஸை அனுப்பிடுங்க. சம்பந்தி, நீங்க என் பக்கத்துல. முன்சீட்டுல ரெண்டு பேர் உக்காரலாமா?"

"ரெண்டு பேருமே ஒல்லிதான்" என்றார் வேன் டிரைவர், கல்லை எடுத்துக்கொண்டே.

வேன் நகர்ந்தது. அவள் பெரியம்மாவின் கையைப் பிடிக்கவில்லை. பிடித்தால் பயம் கூடும் என்று கணவர் சொல்வது வழக்கம். "பதினெட்டு" என்றாள். "வலது பக்கம் திரும்பும். பெரிசு, ஆனா மெதுவா. அந்த எதிர் மலைல வெள்ளையா ஒரு வீடு தெரியுது பாருங்க, அதைப் பாருங்க. பதினேழு, இடது பக்கம், சின்னது. பதினாறுல ஒரு லாரி நின்னு வழிவிடும், பாருங்க." லாரி நின்று வழிவிட்டது. பின்சீட்டிலிருந்து மாப்பிள்ளை, "லாரி எப்படி அத்தை தெரிஞ்சுது?" என்று கேட்டான்.

"சத்தம் கேட்டுதே தம்பி."

பதினான்கில் பெரியம்மா பேச ஆரம்பித்தார். பார்வையை எதிர் மலையிலிருந்து எடுக்காமலே பேசினார். இருபத்தைந்து வயதில் ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து ஒரு மலைக்குப் போனார்களாம். நடுவழியில் அவருக்கு வாந்தி வந்துவிட்டது. முன்சீட்டில் உட்கார்ந்திருந்தது மேனேஜர், புதுக் கோட்டு.

"கோட்டுலயா?" என்றாள் அவள்.

"காலருக்குள்ள."

வேன் டிரைவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். சம்பந்தியம்மா பின்னாலிருந்து, "அக்கா, இதை நீ எங்கிட்டகூட சொன்னதில்லையே" என்றாள்.

"சொல்ற விஷயமா இது? பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்துச்சு. அன்னிக்கு முடிவு பண்ணேன், இனிமே மலை வேண்டாம்னு. நீங்க எல்லாரும் எனக்கு உயரம் பயம்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க. உயரம் என்னை என்ன செய்யும்?"

"பதிமூணு" என்றாள் அவள். "வலது. கவர் என் கைல இருக்கு அக்கா. வந்தா வரட்டும்."

பன்னிரண்டில் வந்தது. கவர் தயாராக இருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, டிரைவர் கண்ணாடியைக்கூட வேறு பக்கம் திருப்பிவிட்டார். பெரியம்மா வாயைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவுதானா?" என்றார். பதினொன்று, பத்து. ஒன்பதில் நீலத் தகரம்.

டீக்கடைக்காரர் எல்லோருக்கும் டீ போட்டார், பெரியம்மாவுக்கு மட்டும் சர்க்கரை அதிகம். அவர் குழாயில் முகம் கழுவினார், கழிவறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சுத்தமாகத்தான் இருக்கிறது என்று அறிவித்தார். அந்த இடத்தில் மட்டும் சிக்னல் ஒரு கோடு வரும். மாப்பிள்ளை போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலைவதைப் பார்த்த பெரியம்மா, தங்கையைக் கூப்பிட்டார்.

"அந்தக் கீழ் மண்டபத்துக்காரனுக்குப் பேசு. வேண்டாம்னு சொல்லிடு."

"இன்னும் எட்டு வளைவு இருக்கே அக்கா. மேல போய்ப் பார்த்துக்கிட்டுப் பேசலாமே."

"எட்டுன்னு எழுதியிருந்தது இல்ல? அது சரியான எட்டுதான். பேசு."

சம்பந்தியம்மா பேசினாள். மூடுபனி முதல் திரையாகப் பாதையில் இறங்கியபோது மணி நாலுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. வேன் அதற்குள் லாட்ஜ் வாசலுக்கு வந்துவிட்டது. மகள் பாதி அலங்காரத்தோடு ஓடி வந்து பெரியம்மாவின் கைப்பையை வாங்கிக்கொண்டாள். தாயைப் பார்த்தாள். தாய் தலையை மட்டும் ஆட்டினாள். வரவேற்பு மேசையில் கணக்கு வாத்தியார் மீதியிருந்த பதினான்கு சாவிகளையும் எண் வரிசையில் அடுக்கி வைத்திருந்தார்.

அன்று சாயங்காலம் மூன்றாவது வேனுக்காகத் தாளைத் திருத்த வேண்டியிருந்தது. விடிந்ததும் கிளம்புகிறவர்களின் போனுக்கு அனுப்பிவிட வேண்டும். மகள் மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டாள். பெரியம்மா போர்வையைப் போர்த்திக்கொண்டு பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"ஒன்பதுங்கறதை போர்டுப்படி பத்தொன்பதுன்னு மாத்திடலாம்" என்றாள் மகள்.

"மொத்தம் இருபத்தேழுன்னும் போடு" என்றாள் தாய்.

"அதைப் போடாதீங்க" என்றார் பெரியம்மா. "நாளைக்கு வர்றது என் சித்தப்பா பிள்ளைங்க. என்னைவிடக் கோழைங்க. இருபத்தேழுன்னு பார்த்தா பாதி வேன் இறங்கிடும். நீலத் தகரக் கடைல நிறுத்துங்கன்னு மட்டும் இருக்கட்டும், எண்ணே வேண்டாம், வந்து சேர்ந்தப்புறம் திட்டட்டும்."

"நீங்க நம்பின பேப்பர் அக்கா இது."

"அதனாலதான் சொல்றேன்."

"நாளைக்கு அவங்களும் நம்பணுமே."

பெரியம்மா அவளை முறைத்தார். அவள் மசியவில்லை. வரவேற்பு மேசையில் உட்கார்ந்துவிட்டால் அவளை யாராலும் அசைக்க முடியாது என்பது மகளுக்குத் தெரியும், அதனால் யாரும் சொல்வதற்கு முன்பே இருபத்தேழு என்று அடித்துவிட்டாள்.

"அப்ப இதையும் எழுது" என்றார் பெரியம்மா மகளிடம். "எண்ணாம இருக்க முடியாதவங்க மேலேர்ந்து எண்ணுங்க. இருபத்தேழு, இருபத்தாறுன்னு. ஒண்ணு வந்தா ஊர். அதுக்கடுத்து, வாந்தி வந்தா எடுங்க, யாரும் பார்க்க மாட்டாங்க. முன்சீட்டுக்காரர் கோட்டுப் போட்டிருந்தா கழட்டச் சொல்லுங்க."

"ரெண்டு பக்கத்துல அடங்காது பெரியம்மா. ஏதாவது வெட்டணும்."

"எதை வெட்டுவ?"

மகள் திரையை மேலும் கீழும் நகர்த்தினாள். தாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, முதல் வரியிலிருந்து ஒருமுறை படித்தாள்.

"ஒண்ணையும் வெட்டாத" என்றாள். "மூணாவது பக்கத்துக்குப் போ."